எட்டாத காது

தமிழ்நாட்டில் தாத்தா வயதில் இருப்பவர்களிடம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கதையைக் கேட்டுப் பாருங்கள். பலர் வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டுவார்கள். காது எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது, பெயரைப் பதியலாம். எட்டாவிட்டால் அடுத்த வருடம் வரவேண்டும். பிறப்புச் சான்றிதழ் எல்லா வீட்டிலும் இல்லாத காலத்தில் தலைமையாசிரியர்களின் அளவுகோல் இதுதான். இந்த வழக்கம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஜெர்மன் மருத்துவர்கள் இதைப் 'பிலிப்பினோ அளவு' என்று அழைத்தார்கள்.

சிரிப்பு வந்தாலும் இதற்குள் கொஞ்சம் உடலியல் இருக்கிறது. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. வளர்ந்தவர்களில் அது ஏழரையில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். இடைப்பட்ட ஆண்டுகளில் தலை மெதுவாக வளர, கைகால்கள் விரைந்து நீள்கின்றன. ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் ஒருநாள் கை தலையைச் சுற்றிக் காதுக்கு எட்டிவிடுகிறது. ஆனால் அந்த நாள் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். நீண்ட கைகள் கொண்ட நாலரை வயதுக்காரன் உள்ளே போவான். குட்டைக் கைக்காரி ஆறு வயதிலும் வாசலில் நிற்பாள். பார்க்க எளிதான ஒன்றை அளந்து, பார்க்க முடியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதுதான் இந்தச் சோதனையின் கோளாறு. காதை விட்டுவிட்டோமே தவிர, கோளாறை நாம் இன்னும் விடவில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் நோக்கிப் போகும் பெருந்தெருவில் ஊர்கள் கோத்துவைத்த மாதிரி வரும்: சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், அதற்கப்பால் வினாயகபுரம். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வரும் கரை இது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வயல் வட்டை. இங்கே தரம் 1 க்குப் பிள்ளையைச் சேர்க்க யாரும் காதைத் தொடச் சொல்வதில்லை. அந்த ஆண்டு ஜனவரி 31 இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. பேர்போன பாடசாலை என்றால் நேர்முகப் பரீட்சை நடக்கும். அதிலும் பரிசோதிக்கப்படுவது வாக்காளர் இடாப்பும் வீட்டு உறுதியும்தான். பிள்ளை உம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாலும் புள்ளி குறையாது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் திறமையைப் பார்த்து இடம் கொடுப்பதைவிட, வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துக் கொடுப்பது எவ்வளவோ நேர்மையானது. இந்தியாவின் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் இதையேதான் செய்தது. அதன் 13 ஆம் பிரிவின்படி, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்வு செய்வது குற்றம். முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம்.

இலங்கையில் பிள்ளையின் திறனைப் பார்க்கும் வேலை, சேர்த்த பிறகுதான் தொடங்குகிறது. 1997 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் 1998 இல் கம்பஹா மாவட்டத்திலும் 1999 இல் நாடு முழுவதும் தரம் 1 இல் நடைமுறைக்கு வந்தது. ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்த அந்தச் சீர்திருத்தம், வகுப்பறைக்குள் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என மூன்று வகைக் கற்றலைக் கொண்டுவந்தது. கூடவே வந்தது 'பிள்ளையை இனங்காணல்'. கற்பிக்கத் தொடங்குவதற்கு முன், முதல் வாரங்களில், பிள்ளை எதையெல்லாம் கையில் கொண்டுவந்திருக்கிறது என்பதை ஆசிரியை விளையாட்டுகள் வழியாகக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பேசுகிறதா, கதை கேட்கிறதா, நிறங்களைப் பிரிக்கிறதா, பென்சிலைப் பிடிக்கிறதா, மற்றப் பிள்ளையோடு சேர்ந்து ஆடுகிறதா என்பதெல்லாம் அதில் அடங்கும். புள்ளி இல்லை, சித்தி இல்லை, தோல்வியும் இல்லை. உலகத்தில் இதற்கு ஆகும் செலவுகளையும் சண்டைகளையும் பார்த்தால், நம்மிடம் இருப்பது மிக நல்ல ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம். ஆனால் நல்ல ஏற்பாட்டையும் கெடுத்துக்கொள்ள வழிகள் உண்டு. அதற்கு முதலில், இந்தக் கவனிப்பு எவ்வளவு சிக்கலான வேலை என்பதைப் பார்க்க வேண்டும்.

எண்ணுவதை எடுத்துக்கொள்வோம். "எங்க, எண்ணிக் காட்டுங்க மகள்" என்றால் பாலர் பாடசாலை முடித்த எந்தப் பிள்ளையும் மூச்சுவிடாமல் இருபது வரை போகும். உம்மாவின் முகம் மலரும். இப்போது ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையை வைத்து, "இதில ஆறு எடுத்துத் தாங்க பாப்பம்" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் ஒரு கைப்பிடி அள்ளித் தந்துவிட்டுச் சிரிக்கும். அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் நுணுக்கமாகக் காட்டியது. எண் சொற்களை வரிசையாக ஒப்பிப்பது ஓர் ஆற்றல். கடைசியாகச் சொன்ன எண்தான் அந்தக் குவியலின் அளவு என்று விளங்கிக்கொள்வது இன்னோர் ஆற்றல். பிள்ளைகள் முதலில் 'ஒன்று' என்பதன் பொருளை அறிகிறார்கள். சில மாதங்கள் கழித்து 'இரண்டு', பிறகு 'மூன்று'. அதற்கப்பால்தான் எண்ணுவதன் தத்துவம் முழுவதும் பிடிபடுகிறது. இந்தப் பயணம் ஓராண்டுக்கு மேல் எடுக்கும். பெரும்பாலான பிள்ளைகள் பாடசாலைக்கு வருமுன்பே அதை முடித்துவிடுவார்கள், ஆனால் எல்லாரும் அல்ல. முடிக்காத பிள்ளைக்கு 3 + 2 = 5 என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவதால் ஒன்றும் ஆகாது. ஒரு கிண்ணமும் புளியங்கொட்டையும் ஆசிரியைக்குக் கொடுக்கும் தகவலை, இருபது வரை ஒப்பிக்கவைப்பது ஒருபோதும் கொடுக்காது. கடற்கரையில் வாப்பா மீனைக் கூறு கூறாகப் பங்கிடும்போது பக்கத்தில் குந்தியிருந்த பிள்ளை, ஒப்பிப்பதில் பின்தங்கி ஆறு எடுத்துத் தருவதில் முந்தினாலும் நான் வியப்படைய மாட்டேன்.

அப்படியானால் சரியான பொருளைக் கொடுத்துச் சரியான கேள்வியைக் கேட்டால் போதுமா? போதாது. கேட்பவர் யார், கேள்வி பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதும் கணக்கில் வரும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் பொருள்களை அடுக்கினார். இரண்டும் ஒரே அளவா என்று கேட்டார். ஆம் என்றது பிள்ளை. பிறகு ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டுப் பரப்பிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். நீண்ட வரிசையில் அதிகம் இருப்பதாக ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பலர் சொன்னார்கள். எண்ணிக்கை மாறாது என்ற அறிவு இந்த வயதில் இன்னும் வரவில்லை என்று பியாஜே முடிவு கட்டினார்.

1974 இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவர் இந்தச் சோதனையில் ஒரு பொம்மைக் கரடியை நுழைத்தார்கள். குறும்புக்காரக் கரடி பெட்டியிலிருந்து தப்பி வந்து வரிசையைக் கலைத்துவிடுகிறது. பெரியவர், "ஐயோ, கலைத்துவிட்டதே" என்கிறார். பிறகு அதே கேள்வி. இம்முறை சரியாகச் சொன்ன பிள்ளைகளின் தொகை வெகுவாகக் கூடியது. பிள்ளையின் இடத்திலிருந்து யோசியுங்கள். பெரியவர் ஒருவர் கேள்வி கேட்கிறார், நான் பதில் சொல்கிறேன். அவரே வேண்டுமென்று ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார். முதல் பதில் பிழையாக இருக்க வேண்டும், அல்லது அவர் மாற்றியதைப் பற்றித்தான் கேட்கிறார். எப்படியானாலும் பதிலை மாற்றுவதுதான் புத்தி. நம் வகுப்பறைகளில் இது இன்னும் கூர்மையானது. டீச்சர் இரண்டாம் தடவை ஒரு கேள்வியைக் கேட்டால் முதல் பதில் பிழை என்று பிள்ளைக்கு வீட்டிலேயே பழக்கியிருக்கிறோம். பியாஜே கண்டதில் ஒரு பகுதி கணித அறியாமை. இன்னொரு பகுதி மரியாதை.

இந்தக் கரடி விவகாரத்தை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தரம் 1 இன் முதல் வாரத்தில் ஆசிரியை குறிக்கும் ஒவ்வொரு 'தெரியாது'க்கும் பின்னால் இரண்டு சாத்தியங்கள் இருக்கின்றன. பிள்ளைக்கு உண்மையாகவே தெரியாது, அல்லது தெரிந்ததைக் காட்டும் வழியை நாம் திறக்கவில்லை. இரண்டையும் பிரித்தறிய ஒரே தடவை கேட்டால் முடியாது. ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1930 களில் சொன்ன வழி எளியது: பிள்ளை தனியாகச் செய்வதைப் பாருங்கள், பிறகு ஒரு சிறு உதவி கொடுத்து என்ன செய்கிறது என்றும் பாருங்கள். தனியே செய்யும்போது ஒரே நிலையில் நிற்கும் இரண்டு பிள்ளைகளில், ஒரு குறிப்புக் கிடைத்ததும் ஒன்று நான்கு படி ஏறும், மற்றது ஒரு படி. நாளைய பாடத்தைத் திட்டமிட ஆசிரியைக்கு வேண்டியது இந்த இரண்டாவது தகவல்தான்.

எழுத்து விஷயத்தில் இந்தக் கரைக்குத் தனிச் செழுமை இருக்கிறது. கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பாடசாலையில் 'அ' எழுதுமுன்பே குர்ஆன் மத்ரசாவில் அலிஃப், பா, தா ஓதத் தொடங்கியிருப்பார்கள். வலமிருந்து இடமாக ஓடும் ஓர் எழுத்து அவர்களுக்கு முதலில் பழகியிருக்கும். வினாயகபுரம் போன்ற ஊரில் விஜயதசமி அன்று அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்கிய பிள்ளை வரும். முதல் வாரக் குறிப்பேட்டில் 'தமிழ் எழுத்துக்களை அடையாளம் காண்கிறார்' என்ற ஒரு வரி மட்டும் இருந்தால், முந்தியவருக்கு எழுத்தின் வடிவத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவே ஏற்கெனவே தெரியும் என்பது எங்கும் பதியாமல் போகும். எழுத்து என்பது ஒலியைக் குறிக்கும் என்ற அந்தப் பெரிய உண்மை ஒரு மொழியில் விளங்கிவிட்டால், அடுத்த மொழியில் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்று. ஆங்கிலத்துக்கு உருவாக்கிய சோதனைகளை நம் எழுத்துக்குப் பொருத்தும்போது அவதானம் வேண்டும். 26 எழுத்து உள்ள மொழிக்கு 'எழுத்தெல்லாம் தெரியுமா' என்பது ஐந்து வயதில் கேட்கக்கூடிய கேள்வி. 247 உள்ள மொழிக்கு அப்படியல்ல. பெங்களூரில் சோனாலி நாக் கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டதில், எழுத்துக்களைக் கற்று முடிக்கும் வேலை பல வகுப்புகள் வரை நீளுவதைக் காட்டினார். சொல்லை அசைகளாகப் பிரிப்பது பிள்ளைகளுக்கு முதலில் வருகிறது. ஒவ்வொரு அசைக்குள்ளும் இருக்கும் மெய்யையும் உயிரையும் பிரிப்பது வெகு தாமதமாக வருகிறது. தமிழும் அதே குடும்பத்து எழுத்துமுறைதான். 'கை தட்டித் தட்டிச் சொல்லுங்க: ம–ரம்' என்பது ஐந்து வயதுக்குப் பொருத்தமான விளையாட்டு. 'கி'யில் என்னென்ன ஒலிகள் இருக்கின்றன என்பது இப்போதைக்கு வேண்டாத கேள்வி.

வயது விஷயத்தைப் பெரியவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். ஜனவரி 31 என்ற எல்லைக்கோட்டால், ஒரே வகுப்பில் பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜனவரியில் பிறந்த பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருப்பார்கள். இளையவருக்கு ஐந்து வயதுதான் ஆகிறது என்றால், மூத்தவர் அவரது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாழ்ந்தவர். கெலி பெடார்ட், எலிசபெத் டூவி என்ற பொருளியலாளர்கள் 2006 இல் பல நாடுகளின் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிட்டார்கள். நான்காம் வகுப்பில் வகுப்பின் இளையவர்கள் மூத்தவர்களைவிட 4 முதல் 12 சதமான இடங்கள் பின்னால் இருந்தார்கள். எட்டாம் வகுப்பிலும் 2 முதல் 9 இடங்கள் வரை வித்தியாசம் மிஞ்சியிருந்தது. பிறந்த மாதத்தைப் பார்க்காமல் பிள்ளையைக் 'கெட்டிக்காரர்', 'மந்தம்' என்று சொல்பவர் பாதி நேரம் நாட்காட்டியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.

காதுக்கு வருவோம், இந்த முறை நடுக்காதுப் பக்கம். இந்தக் கரையில் மாரி மழை நவம்பர் தொடங்கி ஜனவரி வரை கொட்டும். வழக்கமான கல்வியாண்டு தொடங்குவதும் ஜனவரியில்தான். தடிமன் பிடித்த பிள்ளைகளில் சிலருக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டும். வலி இருக்காது, வெளியே தெரியாது. ஆனால் கேட்கும் திறன் ஏறத்தாழ 25 டெசிபெல் அளவுக்குக் குறையலாம். தகரக் கூரையில் மழை விழ, முப்பது பிள்ளைகள் கூச்சலிட, டீச்சர் சொன்ன மெல்லிய ஒலிகள் அந்தப் பிள்ளைக்கு எட்டாது. 'கட்டளைகளைப் பின்பற்றுவதில்லை' என்று குறிப்பேட்டில் விழும். சில வாரங்களில் நீர் வற்றினால் பிள்ளை தானாகக் கெட்டிக்காரராகிவிடும், குறிப்பேடு மட்டும் அப்படியே இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் முன்னின்று நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தரம் 1 முதலாவதாக இருப்பது இதனால்தான் பெறுமதியானது. கண்ணையும் காதையும் பார்க்குமுன் மூளையைப் பற்றி ஒன்றும் எழுதக்கூடாது என்று ஒரு விதி இருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு இந்தக் கரையில் பாடசாலைகள் பல அகதி முகாம்களாக இருந்தன. அடுத்த ஆண்டு தரம் 1 க்கு வந்த பிள்ளைகள் பேசாமல் இருந்ததை எந்தத் தேர்ச்சிப் பட்டியலாலும் வாசிக்க முடிந்திராது.

வகைப்படுத்தலால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ரிஸ்ட் 1970 இல் எழுதிய ஆய்வு இன்றும் என்னை உறுத்துவது. ஒரு நகரத்துப் பாலர் வகுப்பில் உட்கார்ந்து அவர் கவனித்தார். எட்டாம் நாளே ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளில் நிரந்தரமாக இருத்திவிட்டார். சோதனை எதுவும் நடக்கவில்லை. உடுப்பு, உடம்பு வாசனை, பேச்சு நடை, வீட்டு வருமானம் ஆகியவை தீர்மானித்தன. ஆசிரியைக்கு அருகிலிருந்த மேசைக்குத்தான் பாடம் நடந்தது. இரண்டாம் வகுப்புக்குப் போனபோதும் அந்தப் பிரிவு பெரும்பாலும் மாறவில்லை. இப்போது அதற்குப் பெயர்கள் வந்திருந்தன: புலிகள், செங்குருவிகள், கோமாளிகள். கோமாளிகள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொரோனா அடைப்புக்குப் பிறகு தமிழ்நாடு 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி கொடுக்கிறது. பெயர்கள் அழகானவை; நோக்கமும் நல்லது, பிள்ளை நிற்கும் படியிலிருந்து பாடத்தைத் தொடங்குவது. ஆனால் எந்தப் பிள்ளைக்கும் தான் அரும்பா மலரா என்பது முதல் கிழமையிலேயே தெரிந்துவிடும். ஆகவே இந்த ஏற்பாட்டை நான் ஒரே கேள்வியால் மதிப்பிடுவேன்: ஆண்டு முடிவதற்குள் எத்தனை அரும்பு மொட்டானது?

இங்கிலாந்தின் கதை வேறு. 1998 இல் பாடசாலை நுழைவுக் கணிப்பீட்டைக் கட்டாயமாக்கினார்கள். ஏறக்குறைய 90 விதமான சோதனைகளுக்கு அனுமதி. சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். 2015 இல் மூன்று விதமான சோதனைகளோடு மீண்டும் வந்தது. ஒன்றோடொன்றை ஒப்பிட முடியாது என்று கண்டு 2016 இல் திரும்பவும் கைவிட்டார்கள். 2021 செப்டம்பரில் ஒரே சோதனையாகத் திரும்பி வந்திருக்கிறது. இதன் புள்ளியை ஏழாண்டுகள் பூட்டி வைத்து, பிள்ளை பதினொரு வயதில் எழுதும் பரீட்சையோடு ஒப்பிட்டுப் பாடசாலையை அளக்கப் போகிறார்கள். நான்கு வயதுக் குழந்தை இருபது நிமிடம் உட்கார்ந்து பதில் சொல்வது தனக்காக அல்ல, பாடசாலைக்கு மதிப்பெண் போடுவதற்காக. நாம் இதைப் பின்பற்றவேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நுழைவில் எடுத்த அளவு எதிர்காலத்தை எவ்வளவு சொல்லும்? கேரன் லபாரோவும் ராபர்ட் பியாந்தாவும் 2000 ஆம் ஆண்டில் 70 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பாலர் பருவத்தில் எடுத்த அறிவுத்திறன் அளவுகள், முதல் இரண்டு வகுப்புகளில் பிள்ளைகளுக்கிடையே காணும் வித்தியாசத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே விளக்கின. நடத்தை பற்றிய அளவுகள் பத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோ. மீதி முக்கால் பங்கில் அளவெடுத்த பிறகு நடக்கும் விஷயங்களுக்கும் இடம் இருக்கிறது: நல்ல ஆசிரியை, வீட்டில் பேச்சு, வயிறு நிறைந்த காலை, தவறாத வரவு. 1905 இல் முதலாவது நுண்ணறிவுச் சோதனையைச் செய்த அல்ஃபிரட் பினே, உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கவே அதைச் செய்தார். நுண்ணறிவு பிறப்போடு முடிந்துபோன ஒரு அளவு என்று சொன்னவர்களோடு சாகும்வரை அவர் ஒத்துப்போகவில்லை. அவருடைய சோதனையைக் கடல் கடந்து கொண்டுபோனவர்கள் அதை அப்படித்தான் பயன்படுத்தினார்கள் என்பது வரலாற்றின் வக்கிரம்.

அதனால் தரம் 1 க்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இனங்காணல் செயற்பாடுகளுக்கு வீட்டிலோ பாலர் பாடசாலையிலோ பயிற்சி கொடுக்காதீர்கள். பயிற்றுவித்த பதிலைப் பார்த்து ஆசிரியை ஒன்றையும் கண்டுகொள்ள முடியாது. பாலர் பாடசாலையில் நாலு வயதில் முதலாமிடம், இரண்டாமிடம் என்று சான்றிதழ் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி அலுமாரியில் வைத்துவிடுங்கள், பிள்ளையிடம் அதைப் பற்றிப் பேசவேண்டாம். 'என் பிள்ளை எத்தனையாம் ஆள்?' என்று டீச்சரிடம் கேட்பதற்குப் பதிலாக, 'இவருக்கு அடுத்ததாக என்ன சொல்லிக் கொடுக்கப் போறீங்க?' என்று கேளுங்கள். முதல் நாள் போகும்போது பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பிறந்த மாதம், காதில் சீழ் வடிந்த காலம், இரவில் பயந்து எழும்புகிறதா, மத்ரசாவில் எதுவரை ஓதியிருக்கிறது, வீட்டில் யார் கதை சொல்கிறார்கள் என்பதையெல்லாம் டீச்சருக்கு வாயால் சொல்லுங்கள். அவர் ஒரு வாரம் கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில் பாதி உங்களிடம் இருக்கிறது.